வராமல் போனவர்களைக் கேட்டவருக்கு

எழுத்தின் எல்லை காத்த எங்கள் இதழாசிரியரே! கண்டதோடு கருதியதைக் கலக்க விடாத கண்ணியமே! எங்கள் உளநல மையத்தின் இதழை இருபத்தாறு ஆண்டுகள் இமையெனக் காத்த அன்பு அக்காவே! வணக்கம்.

மாடிக் கோடியில் உங்கள் அறை. திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் மெல்ல அசையும்; மதிய வெயில் தரையில் தவழும்; உட்கார்ந்தால் எவருக்கும் கண் சொக்கும். அந்தச் சொக்கலில், எழுதியதெல்லாம் உண்மையென்றே தோன்றும். நீங்கள் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது தெரிஞ்சதா, தோணினதா?" என்பீர்கள். தோன்றியதன் கீழெல்லாம் நாங்களே பென்சிலால் கோடிட வேண்டும். சிலருக்குத் தலைப்பும் தப்பியதில்லை.

மூத்த ஆலோசகர் ஒருமுறை, விடிந்ததும் கனவை எழுதிவைத்தால் மனத்துயர் கரையும் என்று எழுதினார். தம்மிடம் வந்தவர்களில் ஒன்பது பேர் எழுதினார்கள், ஒன்பது பேரும் தேறினார்கள் என்றார். படித்த நாங்கள் மயங்கிப் போனோம். நீங்கள் கேட்டீர்கள்: "பாதியில வராம போனவங்க எத்தனை பேரு?"

ஏழு பேர். அவர்களை ஒருவரும் சேர்க்கவில்லை.

"பதினஞ்சு வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று பொரிந்தார் அவர்.

"உங்களுக்குத் தோணுறத நான் மறுக்கல. படிக்கிறவங்க அத வைத்தியம்னு நம்பிடுவாங்களே" என்றீர்கள்.

இதழ் மூன்று வாரம் நின்றது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர் நீங்கள் என்று முணுமுணுத்தோம். முயலைப் பிடித்திருந்தது நாங்கள்தான். அதற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

ஆலோசகர் கோபத்தோடுதான் ஏழு பேரையும் தொலைபேசியில் அழைத்தார். ஆறாவதாகப் பேசியவர் ஒரு தையற்கார அம்மா. "எழுத எழுத, செத்துப்போன மகனே தினம் கண்ணு முன்னால வந்தான். அப்புறம் தூங்கவே பயம். மாத்திரையையும் நிறுத்திட்டேன்" என்றார். அன்று மாலையே ஆலோசகர் மனநல மருத்துவரை அழைத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கு ஓடினார். பிறகு அந்த ஏழு பேரையும் சேர்த்து, தம் கருத்தைக் கருத்தென்றே சொல்லி, கட்டுரையைத் திருத்தி எழுதினார்.

நீங்கள் ஓய்வு பெற்று விடைபெறும் இவ்விழாவில் வாழ்த்துகிறோம். நோயின்றி நெடுநாள் வாழுங்கள். விடிந்த பிறகும் தூங்குங்கள். நீங்கள் காணும் கனவுகளுக்குச் சான்று கேட்க இனி எவருமில்லை.

அந்தத் தையற்கார அம்மா மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம் கதையைச் சொல்ல இசைந்தவர், உங்களிடம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: "அன்னைக்கு அந்த போன் வரலன்னா, மறுநாள் நான் இருந்திருக்க மாட்டேன்னு சொல்லுங்க."

உங்கள் கேள்விக்கு இன்றும் அஞ்சும்,
மைய ஊழியர்கள்