ஓரகத்தியின் சர்வரில் நான் குறை தேடிய கதை

"சுருக்கமா பேசுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே என்னைச் சிறைப்படுத்தியிருக்கும் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேதைகளே! இணையதளம் இமைப்பொழுது படுத்தாலும் எங்களை எழுப்பி உட்கார வைக்கும் வாடிக்கையாளப் பெருமக்களே! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடிக்கணினியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் என் ஓரகத்தியே! உங்கள் எல்லோரையும் நெஞ்சாரக் கும்பிடுகிறேன்.

வலைத்தள சர்வர்களுக்கு ஏற்ற திறந்த மூல இயங்குதளம் எது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் பேசப்போவதோ பொறாமையைப் பற்றி. தலைவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். பயப்படாதீர்கள் ஐயா, இரண்டும் ஒரே பேச்சுதான்.

கடைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் தங்கள் இணையதளங்களை எங்கள் சர்வர்களில் குடிவைத்திருக்கின்றன. நிறுவனம் என் மாமியாருடையது. மூத்த மருமகள் நான், அந்தச் சர்வர் அறையின் முடிசூடா அரசி. என் கொழுந்தன் மணமுடித்து அழைத்து வந்தாரே ஒரு பெண், அவளும் அதே தொழிலில் தேர்ந்தவள். போதாதா?

நான் பேசினால் அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அவள் பேசினால் அதை எடுத்து மாட்டிக்கொள்வார்! நான் சர்வரை மீட்டால் அது கடமை. அவள் மீட்டால் அது திறமை! எரியுமா, எரியாதா? சொல்லுங்கள் தாய்மார்களே! அதோ, பின்வரிசையில் ஓர் அம்மா பலமாகத் தலையாட்டுகிறார். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள் போல.

அந்த வேளையில்தான் எங்கள் பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. புதியதைத் தேர்ந்தாக வேண்டும். லினக்ஸ் குடும்பத்தில் துடிப்பான ஒன்றை நான் சொன்னேன். எதுவும் அதில் புத்தம் புதிதாக வந்து இறங்கும். நிதானமான ஒன்றை அவள் சொன்னாள். மெல்ல மாறும், நெடுங்காலம் தாங்கும். "பேரைச் சொல்லுங்க" என்று அங்கே ஒரு தம்பி கத்துகிறார். சொன்னால் இந்த அரங்கத்தில் நாற்காலி பறக்கும் தம்பி!

அத்தை தீர்ப்புச் சொன்னார்: "ஆளுக்கு ஒரு சர்வர் எடுத்துக்கங்க. ஓட்டிக் காட்டுங்க. எது நல்லா நிக்குதோ, அதையே எல்லாத்துக்கும் போட்டுடலாம்."

அன்று தொடங்கியது என் தவம். என் சர்வரைப் பார்த்துக்கொண்ட நேரத்தைவிட அவளுடையதை வேவு பார்த்த நேரம் அதிகம். அவள் இயங்குதளத்தின் மூல நிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறதே! வரி வரியாகப் படித்தேன். வாய் கசக்கக் கசக்கப் படித்தேன். ஒரு குறை, ஒரே ஒரு குறை, அவள் முகம் வாடும்படி ஒரு குறை கிடைக்காதா?

கிடைத்தது!

ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்கள் குடியிருப்பார்கள் அல்லவா? புதிய கணக்கு தொடங்கும்போது ஒரு சிறு நிரல் அறைகளைப் பிரித்துக் கொடுக்கும். அது ஒரு தாழ்ப்பாளைப் போட மறந்திருந்தது. ஒரு குடித்தனக்காரர் நினைத்தால் அடுத்தவர் கோப்புகளைத் திறந்து படிக்கலாம். நான் கண்ட ஆனந்தம் இருக்கிறதே, தாய்மார்களே, தலைப்பிள்ளை பெற்றபோதுகூடக் கண்டதில்லை!

வாராந்தரக் கூட்டத்தில், அத்தை முன்னால் போட்டு உடைக்கலாம் என்று காத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் கணவரிடம் பெருமையடித்தேன். அவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"சரி, அந்த சர்வர்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"ஒரு பூக்கடை, ஒரு தையல் பள்ளி, அப்புறம் அந்த மகப்பேறு மருத்துவமனை..."

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. எத்தனை பெண்களின் பரிசோதனை முடிவுகள்! கணவனுக்கே இன்னும் சொல்லாத செய்திகள், தாயிடமே அழத் துணியாத துயரங்கள், எல்லாம் தாழில்லாக் கதவுக்குப் பின்னால்! நான் ஒருத்தியைத் தலைகுனிய வைப்பதற்காக இத்தனை பேர் திறந்த வீட்டில் தூங்குவதா?

கையைக் கழுவினேன். நேராக அவள் மேசைக்குப் போனேன்.

"உன் சர்வர்ல ஒரு ஓட்டை இருக்கு. தள்ளு, காட்டுறேன்."

பார்த்தாள். முகம் வெளுத்தது. "இதை எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"உன் மேல இருக்கிற வயித்தெரிச்சல்லதான்."

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்! தன் திரையை என் பக்கம் திருப்பினாள். அங்கே விரிந்து கிடந்தது என் இயங்குதளத்தின் மூல நிரல்.

"நானும் உங்களுதுல அதைத்தான்க்கா தேடிட்டிருக்கேன். வந்த நாள்லேர்ந்து அத்தை என்கிட்ட உங்க புராணம்தான் பாடுறாங்க. 'பெரியவளைப் பார்த்துக் கத்துக்கோ'ன்னு. காது புளிச்சுப் போச்சு!"

என் மாமியார் என்னைப் புகழ்ந்தாராம்! என்னிடம் மட்டும் சொல்லவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்!

தோளோடு தோள் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் போட்டோம். யாராவது உள்ளே நுழைந்தார்களா என்று பதிவுகளை அலசினோம், நல்லவேளை, யாருமில்லை. குறையை விளக்கி, திருத்தத்தையும் எழுதி, அந்த இயங்குதளத்தைப் பேணுகிறவர்களுக்கு அனுப்பினோம். முகம் தெரியாத அவர்கள் அதைச் சோதித்தார்கள், ஏற்றார்கள், உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குப் பரப்பினார்கள். நன்றி சொன்ன இடத்தில் எங்கள் இருவர் பெயரையும் போட்டார்கள். அவள் பெயர் முதலில், என் பெயர் பிறகு. அகர வரிசையாம்! அன்று முதல் அகர வரிசையின் மீதும் எனக்குப் பொறாமை.

முடிவில் அத்தை தேர்ந்தது அவள் சொன்னதைத்தான். "குறை வந்துச்சு. ஆனா எவ்வளவு வேகமா சரியாச்சு பாத்தீங்களா?" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த மேடையிலும் ஆறவில்லை. அவள் சர்வரை இன்றும் நான்தான் சோதிக்கிறேன். என்னுடையதை அவள் சோதிக்கிறாள். அத்தை அதை எங்கள் இருவருக்கும் வேலையாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்!

எனவே, எந்த இயங்குதளம் என்று என்னைக் கேட்டால், வேகத்தைப் பார்க்குமுன், புகழைப் பார்க்குமுன், உங்களைக் கண்டாலே ஆகாத ஒருவரை அதன் முன் உட்கார வையுங்கள். அவரால் அதன் உள்ளே புகுந்து படிக்க முடிகிறதா? கண்ட குறையை உரக்கச் சொல்ல முடிகிறதா? சொன்ன குறைக்குத் திருத்தம் வருகிறதா? வந்தால் அதை நம்புங்கள்! அன்பு கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் பொறாமை கண் கொட்டாமல் விழித்திருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்தக் கண்ணுக்கு என்ன வேலை? திறந்து வையுங்கள்! பொறாமைக்காரியும் உங்கள் வீட்டுக்குக் காவலிருப்பாள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுக்க முடியாமல் கடிகாரம் பார்த்த தலைவருக்கும் நன்றி. அடுத்துப் பேச வருகிறவள் என் ஓரகத்தி. எனக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கை தட்டுங்கள். வணக்கம்!