ஜூனில் தோற்றவர்

மேடையில் இருக்கும் பாதிரியார் அவர்களே, பள்ளி முதல்வர் அவர்களே, மார்லிஸ் அம்மையாரே, இத்தனை காலமும் மைதானத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னைக் கேலி செய்த எல்க்ஃபோர்டு ஊர் மக்களே, உங்கள் எல்லோருக்கும் பக்கத்து ஊர் பேஸ்பால் பயிற்சியாளன் ரோலண்ட் கிரிம்மின் வணக்கம்.

பயிற்சியாளர் வெர்லின் ஹூக்ஸ்ட்ராவுக்கு இரங்கல் சொல்ல இவனை யார் கூப்பிட்டது என்று கடைசி வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. அவருடைய மனைவி மார்லிஸ் அம்மையார்தான் கூப்பிட்டார். "அவரைப் புகழ ஊரே இருக்கு, ரோலண்ட். நீங்க வயிறெரிஞ்சு பேசுவீங்க. அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். கணவரைப் பறிகொடுத்தவர் கேட்டதை எப்படி மறுப்பது? வயிறெரிந்தே பேசுகிறேன்.

எதைப் பார்த்து எரிந்தேன்? அவர் வாங்கிய கோப்பைகளைப் பார்த்தா? இல்லை. அவருடைய பந்துவீச்சாளர்களைப் பார்த்து எரிந்தேன். என்னிடம் ட்ரெண்ட் இருந்தான். அவன் வீசினால் பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். வெர்லினிடம் யார் இருந்தார்கள்? பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய குழல் ஊதும் காலெப் இருந்தான். கண்ணாடி போட்ட ஓர் இடக்கைக்காரன் இருந்தான். பன்றிப் பண்ணையிலிருந்து பூட்ஸைக் கழற்றாமல் வரும் இரட்டையர்கள் இருந்தார்கள். அணியில் கை என்று ஒன்று இருந்த எல்லோரையும் அவர் பந்து வீச வைத்தார்.

நம் அயோவா மாநிலத்தில் பையன்கள் கோடையில் ஆடுகிறார்கள், வாரத்துக்கு நாலைந்து ஆட்டம். ஒருவன் ஒரு நாளில் இத்தனை பந்துதான் வீசலாம், அப்புறம் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கும் அந்த விதி தெரியும். வெர்லின் அதை நம்பியே அணியைக் கட்டினார்.

ஜூன் முழுக்க அவர் தோற்பார். தேறாத பையன்களாகப் பார்த்து, நிஜ ஆட்டத்தில், நெருக்கடியான நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். "கிழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று காபிக் கடையில் பேசியவர்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, சாண்ட்விச்சை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

அப்படி ஒரு ஜூனில் ஜெயித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் போனேன். "யோவ் வெர்லின், மூணு தளத்துலயும் எங்க ஆளு நின்னான், ஒரு அடி விழுந்தா உங்க கதை முடிஞ்சுது. அந்த நேரத்துல போயி அந்தக் குழல்காரப் பையனைக் கூப்பிட்டியே, உனக்கு என்னய்யா ஆச்சு?"

அவர் சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பினார். "இன்னிக்கே பயந்து முடிச்சிரட்டும்யா. ஜூலைல பயப்படக் கூடாதுல்ல."

ஜூலை வந்தது. மாவட்ட இறுதி ஆட்டம். பாதி ஆட்டம் தாண்டியதும் ட்ரெண்டின் பந்துக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நடுவர் கையைக் காட்டினார். நான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவனும் தன் காலணியைப் பார்த்தான். கடைசியில் ஜெயிக்க எங்களுக்கு மட்டையில் ஒரே ஓர் அடி தேவைப்பட்டது. அதே போல மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். வெர்லின் யாரைக் கூப்பிட்டார்? காலெப்பை. அவன் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவன் மாதிரி நடந்து வந்தான். எங்களுக்கு அந்த ஓர் அடி கிடைக்கவில்லை.

வெர்லின் வந்து என் கையைக் குலுக்கினார். "உன் பையன் கை தங்கம்யா. என்கிட்ட இருக்கிறதெல்லாம் தகரம். நிறைய இருக்கு, அவ்வளவுதான்." வீடு போய்ச் சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

அவரோடு என் எரிச்சலும் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கியதா? இன்று காலை கல்லறை மேட்டில் ஆறு பேர் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இடப்பக்கம் காலெப். இப்போது அவனுக்குத் தொப்பையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. பாதி மேட்டில் அவனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் நடந்த மார்லிஸ் அம்மையார் தன் இடது கையை இரண்டு முறை தட்டினார். இடக்கைக்காரனை அனுப்பு என்று மைதானத்தில் வெர்லின் காட்டும் சைகை அது. கூட்டத்திலிருந்து அந்தக் கண்ணாடிக்காரன், தலை வழுக்கையாகி, ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக!

நான் மேட்டில் நின்று எரிந்தேன். செத்த பிறகுமா, வெர்லின்? என் சாவுக்கு யார் வருவார்கள் என்று அங்கேயே எண்ணிப் பார்த்தேன். அரிசோனாவிலிருந்து ட்ரெண்ட் நிச்சயம் வருவான். ஒருவனால் பெட்டியைத் தூக்க முடியாது.

வெர்லினின் பணியைத் தொடர்வோம் என்று இந்தப் பள்ளியின் புதிய பயிற்சியாளர் சற்று முன் உறுதி சொன்னார். தொடரட்டும். நானும் தொடரப் போகிறேன், அவருக்கு எதிராக. வரும் ஜூனில் என் அணி தோற்கும். என் ஊர்க்காரர்கள் வந்திருக்கிறீர்கள், போய்ச் சொல்லிவிடுங்கள், இப்போதே திட்டத் தொடங்கட்டும்.

மார்லிஸ் அம்மையாரே, எனக்கும் ஆறு பேர் வேண்டும். ஆறு பேர் தேறும்வரை நான் சாவதாக இல்லை.