பாவாடைக்குள் ஒரு ஜீன்ஸ்

— அது வேணாம் மரிசேலா, தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. அடுத்தது காட்டு.

— வெர்டிம்மா, பதினோரு ஜீன்ஸ் பரப்பியாச்சு! இந்த ஃபோர்ட் வொர்த் சந்தையில உங்களை மாதிரித் துருவினவங்க யாருமில்ல. இது பூட்கட். முழங்காலுக்குக் கீழ விரிஞ்சு பூட்ஸ் மேல உக்காரும். இது பீப்பாய். நடுவுல உப்பி, கணுக்கால்ல சுருங்கும். எங்க மாமாவைத் தலைகீழா நிறுத்தின மாதிரி.

— பீப்பாயா? அதை எடுத்து உள்ள வை. இது ஆம்பளைங்களோடதா?

— இல்லம்மா, காதலன் ஜீன்ஸ். அவன்கிட்டேருந்து உருவிட்டு வந்த மாதிரி தொளதொளன்னு இருக்கும்.

— ஆண்டவரே! தொப்புளுக்கு மேல ஏறுதே, இது?

— அம்மா ஜீன்ஸ். உங்களுக்கே தச்ச மாதிரி இருக்கு. இருபது டாலர், உங்க முகத்துக்காகப் பதினெட்டு.

— எனக்கா! எங்க சபையில பொம்பளைங்க கால்சட்டை போடவே கூடாதும்மா. அறுபத்தாறு வருஷமா பாவாடைதான்.

— நீங்க கட்டியிருக்கிற அந்தப் பாவாடையும் ஜீன்ஸ் துணிதானே? அப்ப துணியில பாவமில்ல, நடுவுல ஓடுற தையல்லதான் பாவம்!

— சிரிக்காத. என் மக ஷெல்பிக்கு வேணும். இருபத்தேழு வருஷம் முன்னால அவ வச்சிருந்த அதே மாதிரி.

— எப்படி இருந்துச்சு?

— தெரியலையே. சுருட்டி மெத்தைக்கடியில ஒளிச்சிருந்தா. விரிச்சுகூடப் பாக்கலை. பாவாடைக்குள்ள போட்டுக்கிட்டுப் போய், ஸ்கூல் பஸ் ஏறினதும் பாவாடையை உருவிப் பையில திணிச்சுப்பாளாம். பின்னால அவளே எழுதினா.

— கெட்டிக்காரி! இருங்க, எதுன்னு நான் கண்டுபுடிக்கிறேன். பாவாடைக்குக் கீழ வெளிய தெரியலைன்னா, அது விரியற கால் இல்ல. பூட்கட் போச்சு. முன்னால ஜிப் வச்சதா, பட்டன் வச்சதா?

— பட்டனைக் கைக்குட்டையில முடிஞ்சு கொண்டாந்திருக்கேன். இந்தா.

— பித்தளை! ஒண்ணு பெருசு, நாலு சிறுசு. அப்ப ஜிப் கிடையாது. இதோ பாருங்க, இதுதான்: நேரான கால், கணுக்கால்கிட்ட லேசா ஒடுங்கும். பட்டன் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?

— வீட்டுக்குப் பின்னால குப்பை எரிக்கிற இரும்புப் பீப்பாய். அதுல எரிஞ்சுது. அப்பாதான் எரிச்சாருன்னு அன்னிக்கே ஷெல்பி வீட்டைவிட்டுப் போயிட்டா. என் வீட்டுக்காரர் டெல்மர் எங்க சபைக்குப் போதகர். ஜனவரியில அடக்கம் பண்ணோம். அதுக்கும் வரலை. எனக்கு மட்டும் வருஷம் தவறாம கிறிஸ்துமஸ் கார்டு போடுவா.

— நல்ல போதகர்! ஒரு கால்சட்டைக்காகப் பெத்த பொண்ணையா தொலைப்பாரு?

— நாளைக்கு ஆமரில்லோ போறேன், அவ வீட்டுக்கு. கதவைத் திறந்துருவா. நான் சொல்றதைக் கேட்டுட்டு மறுபடி சாத்திடுவாளோன்னுதான் பயம். கட்டிக் குடும்மா. இருபதே எடுத்துக்க.

— காசு கிடக்கட்டும். ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. எரிச்சது அவரு, சாம்பலைக் கிளறிப் பட்டன் பொறுக்கினது நீங்க. அந்த மனுஷன் பாத்துக்கிட்டு சும்மாவா இருந்தாரு?

— பின்வாசல்ல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. ‘நான்தான் எரிச்சேன்னு அவ நினைச்சுட்டுப் போகட்டும் வெர்டி, அவளுக்கு அம்மாவாவது மிஞ்சட்டும்’னாரு. நெருப்பு வச்சது நான்.