சிக்னல் பெட்டிமேல் ஓர் அண்டா

சிக்னலைக் கூட்டித் தரும் சாமான்கள் உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கேட்கிறீர்கள். போனின் முதுகில் ஒட்டுகிற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் ஒயர் என்று ஒன்று வருகிறதே, அது பிரமாதமாக வேலை செய்யும். எனக்குத் தொல்லையே அதனால்தான் வந்தது.

என் மனைவியின் தம்பி வேலை தேடி எங்கள் வீட்டில் வந்து தங்கினான். தங்கமான பையன். அவன் வரும்வரை ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கும் விளக்கை அணைக்காததற்கும் வசவு முழுவதும் எனக்கே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவன் வந்தபின் வீட்டில் மத்தளமே இரண்டாகிவிட்டது. பல நாள் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது என் துண்டுக்காக. கல்யாணத்துக்குப் பின் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை.

அப்போதுதான் வெளியூர்க் கம்பெனி ஒன்று அவனை வீடியோ இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. மேனேஜர் வேலை. எங்கள் வீட்டிலோ சிக்னல் குதிரைக் கொம்பு. அவன் அந்தப் பெட்டியை வாங்கிவந்து பரணில் வைத்தான். போனில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன.

"இனிமே கவலையே இல்ல மாமா" என்றான். என் கவலை அப்போதுதான் ஆரம்பித்தது. அவன் வெளியூர் போய்விட்டால் வீட்டில் மத்தளம் மறுபடி ஒன்றுதானே.

இன்டர்வியூ அன்று அவன் டை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். நான் பரணில் ஏறி, பெட்டியின் மேல் எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்தேன்.

"சார், கேக்குதா சார்? சார்..."

அவன் குரல் கம்மிக்கொண்டே போனது. கம்பெனிக்காரர்கள் பெருந்தன்மையாக இன்னொரு நாள் கொடுத்தார்கள். நடுவில் அண்டாவை எடுத்துவைத்தேன், கோடுகளும் திரும்ப வந்தன. மனிதனுக்கு நம்பிக்கை வேண்டுமல்லவா. அந்த இன்னொரு நாள் வந்ததும் மறுபடி கவிழ்த்தேன்.

வேலை கைநழுவிப் போயிற்று. "சுத்த ஏமாத்து வேலை மாமா இந்தப் பெட்டி" என்று அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். "பாத்து ஒரு பெட்டி வாங்கத் துப்பில்ல" என்று அவன் அக்கா ஆரம்பித்தாள். கடைசிவரை வசவு என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ மாமா" என்றான்.

மேனேஜர் ஆகியிருப்பான். அதைச் சொல்லி அவன் மனத்தை நோகடிக்க நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனா?