ஆவி பிடிக்கிற தம்பி

மாலை நாலு பதினேழுக்கு எல்லாம் பிழையாய்ப் போகத் தொடங்கியது. ரொம்மன் நிலையம் நோக்கிப் போன ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பையனும் அவனுடைய அக்காவும் இருந்தார்கள். அவனுடைய அலுமாரிக்குள் கிடந்த சின்னப் போத்தல்களைப் படமெடுத்து, “இது என்ன?” என்று கேட்டு அவர்களுடைய அம்மா அவனுடைய கைபேசிக்கு அனுப்பியிருந்தார்.

“வேப் சிகரெட்டுக்கு விடுற தண்ணி எண்டு சொன்னா வீட்டுக்குள்ள விடமாட்டா, அக்கா.”

“மருந்து எண்டு எழுது.”

“பொய் எழுதமாட்டன். ஊறப்போட்டிருக்கிறன் எண்டு எழுதவோ? வாசம் இறங்க ரெண்டு கிழமை இருட்டுக்குள்ள வைக்கத்தானே வேணும்.”

“ஊறப்போட அதென்ன உளுந்தே? முதிர விட்டிருக்கிறன் எண்டு எழுது. நீதான் முதிரேல்லை, அதெண்டாலும் முதிரட்டும்.”

“இழுக்கிறதுக்கு என்ன சொல்லுறது? புகை பிடிக்கிறன் எண்டா செத்தன்.”

“அதிலை வாறது புகையே? ஆவிதானே. ஆவி பிடிக்கிறன் எண்டு போடு.”

அவன் எழுதி அனுப்பினான். உடனே வந்த பதிலை அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள்.

“‘ஐயோ, தைலமோ? தடிமனெண்டு ஏன் சொல்லேல்லை அப்பு? குளிருக்குள்ள நடக்காதை, அப்பாவைக் காரோடை அனுப்புறன்.’”

என் மகனும் இந்த மாரி முழுக்கத் தடிமன், சளி என்று ஆவிதான் பிடிக்கிறான். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நானும் ரொம்மனில்தான் இறங்கினேன். அவர்களுடைய அப்பா மேடைக்கே வந்து நின்றார். பையனின் தோளில் கைபோட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“டேய், நானும் அதை இழுத்துப்போட்டுக் கொம்மாவுக்கு ஆவி பிடிக்கிறன் எண்டுதான் சொல்லுறனான். ரெண்டு பேருக்கும் ஒரே தடிமன் எண்டா நம்புவாவே? நீ வேறை ஏதும் சொல்லிப் பார்.”