கல்லாற்றில் போன துணி

— அப்பொ உள்ள வாங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா நேரே இங்க வந்து, செருப்பை ஜோடியா ஒதுக்கி வச்சு, குடையை ஜன்னல் கம்பியில தொங்கவிட்டு, “ராகேலு, கட்டஞ்சாயா”ன்னு ஒரு சத்தம். இருபத்திரெண்டு வருசம் தப்பாத மனுசன் அஞ்சு மாசமா இந்தத் தெருவுக்கே வரல்ல. வந்தும் வாசல்லயே நிண்ணா எப்பிடி?

— வாறேன் மக்கா. சிபியோட ஸ்கூட்டர்ல வந்தேன். அவன் கேட்டுக்கு வெளியில நிக்கான். அஞ்சு நிமிசந்தான்.

— அவன் ஏன் உள்ள வரமாட்டானாம்? மோர்மோன் சபையில சேர்ந்தவ வீட்டுப் படிய மிதிச்சா ஒட்டிக்குமா?

— அவன் நம்ம சபை வாலிபர் சங்கச் செயலாளர் அல்லவா. நாலு பேர் பார்ப்பாங்க.

— நீங்க நம்ம சபைக்கே செயலாளர். உங்களைப் பாக்க மாட்டாவளா? சரி, இருங்க. சாயா கெடையாது, கேட்டியளா. எங்களுக்கு சாயா, காப்பி ஒண்ணும் ஆகாது. சீரகம் போட்டுக் காச்சின வெள்ளம் தாறேன்.

— தா. எதுவானாலும் தா.

— கரமனையில எங்க சபை கூட மாடி வாடகைக்குத் தந்த வெங்கடசுப்ரமணியன் சாமிக்கும் இதே சங்கடந்தான். குடி இல்ல, பீடி இல்ல, வாடகை தேதி தப்பாதுன்னு அவருக்கு சந்தோசம். ஆனா காப்பி குடிக்காத மனுசங்களை எப்பிடி நம்புறதுன்னு கேக்காரு!

— ராகேல், அவருக்குத்தான் ஒரு மனு எழுதியிருக்கு. உங்க சபையைக் காலி பண்ணச் சொல்லி. நூற்றிப்பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாச்சு. முதல் இடத்தை மட்டும் எனக்காக விட்டு வச்சிருக்கான் சிபி.

— எழுதினது ஆரு?

— நான்.

— அதானே. நல்ல தமிழாட்டு இருந்திருக்கும். அதச் சொல்லத்தான் வந்தியளா?

— இல்லை. ஒரு கதை சொல்ல வந்தேன். ஒரு ஆற்றங்கரையில் ஓர் ஆமை இருந்தது. அது ஒரு நாள் தன் ஓட்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு...

— ஆமை ஓட்டைக் கழத்துமா அண்ணே?

— கதையில் கழற்றும். கேள். அது தண்ணீருக்குள் இறங்கிய நேரம் பார்த்து ஒரு கொக்கு வந்து, அந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

— கொக்குக்கு ஆமை மேல என்ன கோவம்?

— கோபம் இல்லை. கூடப்பிறந்த பாசம்.

— கொக்கும் ஆமையும் எப்பிடி ஒரு வயித்துல பொறக்கும்?

— கதையில் பிறக்கும். அந்தக் கொக்கு... அந்தக் கொக்கு...

— முப்பது வருசம் மாஷா இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன வாய். வெசயம் வாறப்பதான் நிண்ணு போவுது. அந்தக் குவளையைக் கீழ வையுங்க.

— ராகேல், காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்தியாமே. உன் மதினி சரோஜம் சொன்னாள்.

— கல்லாத்துல முங்கி ஞானஸ்நானம் எடுத்துட்டு, ஈரத்தோட நெடுமங்காடு வழியா ரெண்டு மணிக்கூறு பஸ்ஸு. வெள்ளைத் துணி, நனைஞ்சா எப்பிடி இருக்கும்? சீட்டுல இருக்க நாணக்கேடா நிண்ணே வந்தேன். கூட வந்த சுசீலா அவ சேலை முந்தியை என் மேல போட்டா. ரெண்டு பேரும் ஒரு முந்தியில தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அத விடுங்க. போனது போச்சு.

— விட முடியல்ல. இந்தப் பையை வாங்கு.

— என்னது?

— நீலச் சேலை, ரவுக்கை, தலை துவட்டுற துவர்த்து. எல்லாம் இருக்கு. சரோஜம் காணாமல் நானே துவைச்சேன், நானே இஸ்திரி போட்டேன். முந்தியில் கொஞ்சம் கரிஞ்சு போச்சு. ஏதாவது சொல்லு.

— முதல்ல நீங்க சொல்லுங்க.

— சிபி! உள்ள வா. வா, ஒண்ணும் ஒட்டாது.

— எந்தா மாஷே? கையொப்பு போட்டாச்சா? கமிட்டிக்காரர் எல்லாம் காத்துட்டு இருக்காங்க.

— அந்த மனுவில் மூணாவது பத்தியை வாசி. சத்தமா.

— “கல்லாற்றின் வெள்ளம் அந்தப் பொய்யான ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்ளாமல், அன்னாரின் மாற்று வஸ்திரங்களைக் கரையிலிருந்து வாரிக்கொண்டு போயிற்று. இது கர்த்தர் காட்டிய அடையாளம்.” இந்த பாராதான் மாஷே ஹைலைட், கேட்டோ.

— அடையாளம் இந்தா இருக்கு. தொட்டுப் பாரு.

— இது... இது எந்த பை?

— அதே பை. வெள்ளம் எடுக்கல்ல. நீங்க எல்லாரும் கரையில நிண்ணு எதிர்த்துக் கூவிக்கொண்டிருந்தப்போ பாறைக்குப் பின்னால் போய் எடுத்தது நான். மாற்றுத்துணி இல்லாமல் நாணப்பட்டால், இனி அந்தக் கூட்டத்தில் மிதிக்க மாட்டாள்னு நினைச்சேன்.

— ஐயோ மாஷே! நான் ஜெபக்கூட்டத்துல இதைச் சாட்சி சொல்லி அழுதேனே!

— உனக்குக் கைக்குட்டை எடுத்துத் தந்ததும் நான்தான்.

— சரி, சரி. நமக்குள்ள இருக்கட்டும். அந்த ஒரு பாராவை மட்டும் வெட்டிட்டு, மத்ததுக்கு ஒப்பு போடுங்க.

— அந்தப் பொய்யைக் காட்டித்தானே நூற்றிப்பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினே? இங்க கொண்டா.

— கிழிக்காதீங்க மாஷே! கமிட்டி கேட்டா நான் என்ன சொல்ல?

— வர ஞாயிறு ஆராதனையில் நானே எழும்பி நிண்ணு சொல்லுவேன். அன்னைக்கே வெங்கடசுப்ரமணியன் சாமியையும் பார்த்துப் பேசுவேன்.

— செயலாளர் ஸ்தானம் போகும், கேட்டோ. சரோஜம் மாமி சபையில தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

— தெரியும். அதுக்குப் பயந்துதான் அஞ்சு மாசம் போச்சு. நீ போ சிபி. நான் பஸ்ஸில் வந்துக்கிடுவேன்.

— எனக்கு ஒண்ணும் புரியல்ல. நான் இறங்குறேன்.

— போயிட்டான். ராகேல், இனி என்னை ஏசு. அடிச்சாலும் வாங்கிக்கிடுவேன். அவன் முன்னால நீ ஒரு வார்த்தை பேசல்லியே. அதிர்ச்சியா?

— அதிர்ச்சி இப்பந்தான் அண்ணே. பைய நீங்க எடுத்ததை அண்ணைக்கே கண்டேன், இடுப்பளவு வெள்ளத்துல நிண்ணு. இத்தனை பேரு எதிர்த்தாலும் என் அண்ணன் எனக்குத் துணி பிடிக்க வந்திருக்காருன்னு நெனச்சுத்தான் தைரியமா முங்கினேன். “அவரு இப்பொ கொண்டு வருவாரு, நீங்க போங்க”ன்னு மத்தவங்களை எல்லாம் அனுப்பிட்டு, சுசீலாவோட அந்தப் பாறை மேல கடைசி பஸ்ஸு வரைக்கும் இருந்தேன்.