முப்பது வெள்ளி

ராஃபேல்: பாலைவனத்துல நாப்பது நாள். பசி. வெயில். எதிர்ல சாத்தான். அன்னிக்கு அசையாம நின்ன அந்த உறுதியிலதான் இந்த உலகமே நிக்குது, பிரையன்.

பிரையன்: ஆமா மாமா.

ராஃபேல்: அங்கிள். நாளைக்கு மாதா கோயில்ல உங்க கல்யாண ஓலைய வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நான் அங்கிள். அந்த உறுதி அங்க நிக்குது. உன் உறுதி எங்க நிக்குதுன்னு தெரியுமா?

பிரையன்: எங்க அங்கிள்?

ராஃபேல்: என் போன்ல.

லில்லியன்: அப்பா, போனைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க. டீ வேற ஆறுது.

ராஃபேல்: ஆறட்டும். விபூதிப் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பலோட இந்த வாசப்படியில வந்து நின்னு என்ன சொன்ன?

பிரையன்: தவக்காலம் முடியற வரைக்கும் கேம் ஆட மாட்டேன்னு...

ராஃபேல்: மத்தவன் கறிய விடுவான், பீர விடுவான். நீ கேம் பெட்டிய விடறேன்ன. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்து கொடுத்த. நான் வெள்ளைத் துணியில சுத்தி, என் ரூம்ல அந்தோணியார் சிலைக்குப் பக்கத்து அலமாரியில வச்சுப் பூட்டினேன்.

லில்லியன்: ஆறு வாரம் பெட்டி இல்லாம இருந்து காட்டு, அப்புறம் கட்டிக்கறேன்னு சொன்னது நான். கண்ணு கலங்கினது மட்டும் நீங்க.

ராஃபேல்: நடுவுல பேசாத. பெட்டியோட விட்டானா? என் போன்ல ஒரு ஆப்பை வேற ஏத்தி விட்டான். நானா கேட்டேன்?

பிரையன்: நான்தான் அங்கிள். ஒரு நம்பிக்கைக்கு.

ராஃபேல்: அது பேரு என்ன?

பிரையன்: கூட்டாளி. கேம் பெட்டிக்குத் துணை ஆப். நாம எங்க இருந்தாலும், பெட்டிய யாரு ஆன் பண்றா, என்ன ஆடறா, என்ன ஜெயிச்சா... எல்லாம் போனுக்கு வந்துரும்.

ராஃபேல்: அன்னிக்கு டீ ஆறிப் போற வரைக்கும் அதோட பலத்தைப் பேசின. தப்பிக்கவே முடியாது அங்கிள், நான் பட்டனைத் தொட்டாலே உங்க போன் கத்தும்னு சொன்ன. கத்துச்சு.

பிரையன்: கத்துச்சா?

ராஃபேல்: தமிழ்ல கத்துச்சு.

பிரையன்: அந்தத் தமிழ்... அது ஒரு பலவீனம் அங்கிள். மனுஷன் எழுதறதில்ல. மெஷின் எழுதறது.

ராஃபேல்: மெஷின் பொய் சொல்லாது. படிக்கிறேன் கேளு. "பிரையன் கட்சியில் சேர்ந்தார்." எந்தக் கட்சி? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியேன்னு நேரா காளியண்ணன் வீட்டுக்குப் போனேன். கிளைத் தலைவர் அவருதானே. என் மருமகனாகப் போறவன் உங்க கிளையில சேந்துட்டானான்னு கேட்டேன்.

பிரையன்: ஐயோ. அவரு என்ன சொன்னாரு?

ராஃபேல்: புதுசா ஒரு ஆளு சேந்து ரொம்ப வருஷமாச்சு கிராணி, எங்க இருக்கான் அந்தப் பையன், உடனே கூட்டிட்டு வாங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல.

பிரையன்: கட்சின்னா பார்ட்டி அங்கிள். கேம் ஆடற கூட்டாளிங்க நாலு பேரு ஒண்ணா பேசற குரூப். நானு, விமலன், எய்டன்...

ராஃபேல்: சேந்தியா இல்லையா?

பிரையன்: சேந்தேன். ஆனா ஆடல. போன்லயே சேரலாம், பெட்டி வேணாம். அது ஒரு பலம். அவனுங்க ஆடுவானுங்க, நான் பேசிக்கிட்டு மட்டும் இருப்பேன்.

லில்லியன்: அப்ப மெஷின் சரியாத்தான்லா எழுதியிருக்கு. கட்சிதான்.

ராஃபேல்: சரி, கட்சிய விடு. இது? "பிரையன் ஒரு வெள்ளி வென்றார்." மறுநாள் மறுபடியும், "பிரையன் ஒரு வெள்ளி வென்றார்." நெத்தியில சாம்பல் காயல, அதுக்குள்ள சூதாட்டம். அதுவும் ஒரு வெள்ளிக்கு, ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு. புக்கிட் ரோத்தான் பசார்ல ஒரு வெள்ளிக்கு ஒழுங்கா ஒரு வடை வருமா? கெட்டுப் போறதுன்னு முடிவு பண்ணினவன், மரியாதையான ஒரு தொகைக்குக் கெட்டுப் போகக் கூடாதா?

பிரையன்: அங்கிள், அது வந்து...

ராஃபேல்: இரு. நேத்து ராத்திரி கடைசியா வந்ததைக் கேளு. "பிரையன், மொத்தம் முப்பது வெள்ளி." முப்பது. நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, புனித வாரம் தொடங்குது. இந்த நேரத்துல முப்பது வெள்ளி. யூதாஸ் வாங்கின தொகை, பிரையன். நான் போனைக் கீழ வச்சுட்டு அப்படியே முழங்கால் போட்டுட்டேன்.

லில்லியன்: நேத்து முட்டி வலின்னு சொன்னீங்க?

ராஃபேல்: வலியோடதான் போட்டேன்.

பிரையன்: அங்கிள், அது டுயிட் இல்ல, காசே இல்ல. இந்த வெள்ளி சில்வர். கேம்ல ஏதாவது ஒரு காரியத்தை முடிச்சா கோப்பை கொடுப்பான். தங்கம், வெள்ளி, வெண்கலம். கையில ஒண்ணும் வராது. படம்தான்.

ராஃபேல்: படமா?

பிரையன்: சின்னப் படம்.

ராஃபேல்: அதை வச்சு என்ன செய்யலாம்?

பிரையன்: ஒண்ணும் செய்ய முடியாது. பாத்துக்கலாம்.

ராஃபேல்: முப்பது இருந்தாலுமா?

பிரையன்: முன்னூறு இருந்தாலும்.

ராஃபேல்: ...மாத்த முடியாதா? கடையில கொடுத்து ஏதாவது...

பிரையன்: முடியாது அங்கிள்.

லில்லியன்: ஏன்ப்பா முகம் இப்படித் தொங்கிப் போச்சு? சூதாட்டம் இல்லேன்னா நல்லதுதானே.

ராஃபேல்: நல்லதுதான். நல்லதுதான். ஆனா வெள்ளி எந்த வெள்ளியா இருந்தா என்ன, ஆடினது ஆடினதுதான். நாளைக்கு ஃபாதர் ஓலைய வாசிச்சுட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சா சொல்லணும்னு சபையைப் பாத்துக் கேப்பாரு. கோயில் கமிட்டித் தலைவர்ங்கற முறையில நான் எந்திரிக்க வேண்டி வரும்.

பிரையன்: பொண்ணு கல்யாணத்துக்குப் பெத்தவரே தடை சொல்றதா?

ராஃபேல்: தோட்டத்துல முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதற கிராணியா இருந்தவன் நான். தப்புன்னு வந்துட்டா சொந்தம் பாக்க மாட்டேன். ஆளுங்கள வேலை வாங்கற மண்டோரெல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டா நடுங்குவான்.

லில்லியன்: தோட்டத்து மேனேஜர் துரையோட ஜீப்புச் சத்தம் கேட்டா நீங்க நடுங்குவீங்கன்னு அம்மா சொல்லுவாங்க.

ராஃபேல்: அது மரியாதை. நடுக்கம் வேற, மரியாதை வேற.

பிரையன்: அங்கிள், யோசிச்சுப் பாருங்க. பெட்டி உங்க ரூம்ல. சாவி உங்க இடுப்புல. நான் காலையில போனா ஈஜோக், கலும்பாங்னு ஊரு ஊரா ஏர்கான் கழுவிட்டு இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வர்றேன். எப்படி ஆட முடியும்?

ராஃபேல்: அதைத்தான் நான் கேக்கறேன். இன்னொரு பெட்டி வாங்கிட்டியா?

பிரையன்: சத்தியமா இல்ல. ஆப் கோளாறு. எப்பவோ ஜெயிச்சதை லேட்டா அனுப்பும். பேட்டரிய வேற குடிக்கும், போனைச் சூடாக்கும். நிறைய பலவீனம் இருக்கு அங்கிள்.

ராஃபேல்: அன்னிக்கு பலம்னு சொன்னதெல்லாம் இன்னிக்கு பலவீனம் ஆயிருச்சு.

லில்லியன்: லேட்டாவே வரட்டும். என் போனுக்கு வந்ததை நான் படிக்கவா?

பிரையன்: உன் போன்லயும் இருக்கா?

லில்லியன்: அப்பாவுக்கு மட்டும் ஏன் அந்தப் பாக்கியம்? நானும் ஏத்தினேன். நேத்து வெள்ளிக்கிழமை, கோயில்ல சிலுவைப் பாதை. நானும் அம்மாவும் முழங்கால்ல இருக்கோம். போன் அதிருது.

ராஃபேல்: வேணாம் லில்லியன். போய் வேற டீ போடு.

லில்லியன்: "பிரையன் திருமணம் செய்துகொண்டார். வாழ்த்துங்கள்."

பிரையன்: என்னது?

லில்லியன்: "மணமகள், ரோசாலி." கீழ ஒரு வெள்ளி. அப்பா சொன்னாரே, அந்த முப்பதாவது வெள்ளி அதுதான். அதுக்குப் பேரு "முதல் திருமணம்"னு போட்டிருக்கு. அப்ப நான் எத்தனாவது, பிரையன்?

பிரையன்: லில்லி, எனக்கு ஒண்ணுமே புரியல.

லில்லியன்: நேத்திலிருந்து இதை வயித்துல வச்சுக்கிட்டு உன்கிட்ட போன்ல சிரிச்சுப் பேசினேன். கேமுல யாரைக் கட்டினாலும் எனக்கென்ன. ஆட மாட்டேன்னு என் கையப் புடிச்சு சொல்லிட்டு ஆடினியா, அது தெரியணும். நாளைக்கு அந்த ஓலைய நிறுத்தினா அப்பா நிறுத்த மாட்டாரு. நான் நிறுத்துவேன்.

பிரையன்: எனக்குப் பந்து கேம் மட்டும்தான் தெரியும் லில்லி. அதுல கல்யாணமே கிடையாது. ரெஃப்ரி விட மாட்டான்.

லில்லியன்: இது பந்து இல்ல. தோட்ட கேம். மாடு, கோழி, காய்கறி.

பிரையன்: அது பெட்டியோட ஓசியா வந்தது. நான் திறந்து பாத்ததே இல்ல.

லில்லியன்: அப்ப நேத்து எங்க போன? பத்தாம் ஸ்தலம் வரைக்கும் பின்னால நின்ன. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்.

பிரையன்: டாய்லெட்டுக்கு...

லில்லியன்: போனோட.

ராஃபேல்: விடும்மா. பாவம், சின்னப் பையன். கேமுல கட்டறது ஒரு கட்டறதா?

லில்லியன்: இப்பத்தானே யூதாஸ்னீங்க?

ராஃபேல்: யூதாஸுக்கும் ஒரு கஷ்டம் இருந்திருக்கும்.

பிரையன்: சரி. சொல்லிடறேன் லில்லி. அந்த ஆப்புல இன்னொரு பலம் இருக்கு. அன்னிக்கு அங்கிள்கிட்ட அதை மட்டும் சொல்லல.

லில்லியன்: என்ன?

பிரையன்: பெட்டி எங்க இருந்தாலும் போன்லயே ஆடலாம். பெட்டி இங்க ஓடும், படம் என் போனுக்கு வரும். நான் ஈஜோக்ல ஏணி மேல நின்னுக்கிட்டே கோல் அடிக்கலாம்.

ராஃபேல்: அந்தோணியார் பக்கத்துல இருந்தாலுமா?

பிரையன்: அவரு பக்கத்துல இருந்தாலும்.

லில்லியன்: அப்ப ஆடியிருக்க.

பிரையன்: ஆடப் பாத்தேன். அதான் சொல்ல வர்றேன். நேத்து வெளிய போனது அதுக்குத்தான். ஆனா உள்ளயே விடல. "வேறொருவர் விளையாடிக்கொண்டிருக்கிறார், பிறகு முயலவும்"னு வந்துச்சு. நேத்து மட்டும் இல்ல, எப்பப் போனாலும் அதேதான். மத்தியானம் ஏணியில நின்னு பாத்தாலும் வேறொருவர். சத்தியத்தை மீறணும்னு நான் நினைச்சேன் லில்லி, அதை மறைக்கல. மீற விடல. இத்தனை நாள்ல பந்தைத் தொடவே இல்ல.

ராஃபேல்: அது ஆப் கோளாறு. நீதானே சொன்ன, நிறைய பலவீனம்னு.

லில்லியன்: இருங்கப்பா. பிரையன், அப்படி ஓடணும்னா பெட்டிக்குக் கரண்ட் வேணுமா?

பிரையன்: வேணும். வைஃபையும் வேணும்.

லில்லியன்: துணி சுத்தி அலமாரியில பூட்டின பெட்டிக்குக் கரண்ட் எப்படி வந்துச்சு?

ராஃபேல்: ஈரம் புடிக்கும்னு நான்தான் சொருகி வச்சேன். இந்த மழைக்கு அந்தோணியாரே வேர்க்கறாரு.

லில்லியன்: வைஃபை?

ராஃபேல்: அதுவும் ஈரத்துக்குத்தான்.

லில்லியன்: மத்தியானம் நான் கிளினிக்ல, அம்மா பாலர் பள்ளியில. நீங்க மூணு மணி ஜெபம்னு ரூம் கதவைச் சாத்திக்கிறீங்க.

ராஃபேல்: ஜெபம்தான்.

லில்லியன்: டீவிய எதுக்கு ரூமுக்கு மாத்தினீங்க?

ராஃபேல்: டீவியில ஜெபம் வரும்.

லில்லியன்: நேத்து சிலுவைப் பாதைக்கு வரல. நீங்க நடத்தாம அது நடந்தது நேத்துதான் முதல் தடவை.

ராஃபேல்: முட்டி. வேணும்னா உங்கம்மா பிளோரன்ஸைக் கேளு.

லில்லியன்: அம்மா கோயில்ல என் பக்கத்துல இருந்தாங்க. வீட்ல நீங்க மட்டும்தான்.

பிரையன்: லில்லி, கல்யாணத்துக்குப் படம் இருக்கும் பாரு. முக்கியமான கட்டம் வந்தா ஆப் தானாவே புடிச்சுப் போட்டுரும். அது ஒரு பலம்.

ராஃபேல்: பலவீனம்.

லில்லியன்: இருக்கு. ரோசாலி பூங்கொத்தோட நிக்கிறா. பக்கத்துல மாப்பிள்ளை. நரைச்ச மீசை, தலையில தொப்பி, கையில பிரம்பு. கீழ பேரு போட்டிருக்கு. "துரை."

பிரையன்: நான் மீசையே வச்சதில்ல.

லில்லியன்: தெரியுது. பெட்டி உன் பேர்ல இருக்கு, அதான் யாரு ஆடினாலும் உன் பேரு வருது.

ராஃபேல்: பேரு கேட்டான், போட்டேன். ஏதோ ஒரு பேரு போட்டாத்தானே உள்ள விடறான்.

பிரையன்: மாமா, அப்ப நாளைக்குத் தடைன்னு எந்திரிப்பீங்களா?

ராஃபேல்: முட்டி வலிக்குது. எந்திரிக்க முடியாது.

லில்லியன்: ஆடினதுகூட போகட்டும்ப்பா. வீட்ல அம்மா இருக்காங்க. அந்த ரோசாலியை எதுக்குக் கட்டினீங்க?

ராஃபேல்: பால் கொட்டகை அவ பேர்ல இருக்கு. கட்டினாத்தான் கேட்டைத் திறக்கறா.